கிராமத்தில் வேலை பார்த்தால் வெட் படிப்புக் கடன் தள்ளுபடி: இப்போதே கையெழுத்துப் போடலாமா?

ஓவர்லாண்ட்பார்க்_அப்பா

வணக்கம். மகளுக்கு மன்ஹாட்டனில், நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, நம் கன்சாஸ் மன்ஹாட்டனில், கன்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தோம். மறுநாள் ஃபீஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பாயசம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மாநில அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. கிராமப்புறக் கன்சாஸுக்கான கால்நடை மருத்துவப் பயிற்சித் திட்டம், 2006-ல் கொண்டுவந்தது. படிக்கும்போதே வருடத்துக்கு 20,000 டாலர், நாலு வருடத்துக்கு 80,000 வரை கடனாகக் கொடுப்பது என்று தொடங்கினார்கள். படிப்பு முடிந்ததும் மக்கள்தொகை குறைவாக உள்ள ஒரு கவுண்டியில், அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியான பிரிவில், முழுநேரம் வேலை பார்த்தால், ஒரு வருட வேலைக்கு ஒரு வருடக் கடன் கழியும். நாலு வருடம் முடிந்தால் பாக்கி இல்லை. நடுவில் விட்டுவிட்டு வந்தால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

“இருபத்திரண்டு வயசுப் பிள்ளையை நாலு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கிறதா?” என்கிறாள் மனைவி. எனக்கு அந்த 80,000 கண்ணை விட்டுப் போகவில்லை. மகளைக் கேட்டால், “மாடு பிடிக்கும்ப்பா, ஊர்தான் எப்படி இருக்கும்னு தெரியாது” என்கிறாள். இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மாட்டுவைத்தியர்

வாழ்த்துகள் சார். நான் நெப்ராஸ்காவில் மாடு பார்க்கிறவன். இறைச்சிமாட்டு மந்தைகள்தான் முக்கால்வாசி, கொஞ்சம் குதிரை, சனிக்கிழமை காலை நாய் பூனை. மத்திய அரசின் கடனடைப்புத் திட்டத்தில் இருந்து முடித்தவன்.

முதலில் மாநிலத் திட்டம் வேறு, மத்தியத் திட்டம் வேறு. நீங்கள் சொல்வதில் பணம் முன்னால் வருகிறது, அதோடு கட்டுப்பாடும் முன்னாலேயே வந்துவிடுகிறது. மத்தியத் திட்டத்தில் படித்து முடித்து, வேலையையும் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் விண்ணப்பம். அதற்கான சட்டம் 2003-ல் வந்தது, பணம் முதலில் கைக்கு வந்தது 2010-ல். அமெரிக்க வேளாண் துறையின் கீழ் உள்ள நிஃபா என்ற அமைப்பு நடத்துகிறது. ஒவ்வொரு மாநிலத்தின் கால்நடை நல அதிகாரியும் “எங்கள் மாநிலத்தில் இந்த இந்தப் பகுதியில் மருத்துவர் இல்லை” என்று எழுதி அனுப்புவார். அவர்கள் ஏற்றுக்கொண்ட பகுதிக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். வேலையில் குறைந்தது 80 சதவீதம் உணவுக்கான கால்நடையாக இருந்தால் முதல் வகை. கிராமப்புறத்தில் 30 சதவீதமாவது அப்படி இருந்தால் இரண்டாம் வகை. பொதுத்துறைப் பணி மூன்றாவது. நான் சேர்ந்தபோது வருடத்துக்கு 25,000 டாலர், மூன்று வருடத்துக்கு 75,000. உச்சவரம்பை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் நம் கைக்கு வராது, கடன் கொடுத்தவருக்கு நேராகப் போய்விடும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் கிடைக்காது. இரண்டு, இன்று பட்டியலில் உள்ள கவுண்டி உங்கள் மகள் படித்து முடிக்கும்போது பட்டியலில் இருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். மாநிலத்துக்கு வேலை பார்த்துக் கடன் கழித்துக்கொண்டிருக்கும்போது அதே காலத்துக்கு மத்தியத் திட்டத்திலும் சேர முடியாது. ஒரு நேரத்தில் ஒரு கடமைதான்.

என் அனுபவத்தில், முதல் வருடம் “மாடு மாடு” என்று வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் மூன்றாம் வருடம் கண் அறுவை, இதய சிகிச்சை என்று ரெசிடென்ஸி, அதாவது சிறப்புப் பயிற்சிப் பக்கம் போய்விடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த ஆசை வரும்போது ஒப்பந்தம் குறுக்கே நிற்கும்.

கணக்குப்பிள்ளை

நான் மருத்துவர் இல்லை, வட்டி பார்க்கிறவன். எண்களை மட்டும் வைக்கிறேன்.

கடன் வாங்கிப் படித்த வெட்களின் சராசரிக் கடன் 2 லட்சம் டாலரை ஒட்டி வந்துவிட்டது. 2025-26-க்கு மத்திய அரசின் பட்டமேற்படிப்புக் கடன் வட்டி 7.94 சதவீதம். 2 லட்சத்துக்கு முதல் வருட வட்டி மட்டும் 15,880.

மாட்டுவைத்தியர் சொன்ன 25,000-ஐ இதில் போடுங்கள். முதல் வருடம் 16,000 வரை வட்டியே தின்றுவிடுகிறது, அசலில் குறைவது 9,000 சொச்சம். மூன்று வருடமும் கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போடாமல் அரசுப் பணத்தை மட்டும் நம்பி இருந்தால் முடிவில் பாக்கி சுமார் 1,70,400. 75,000 கொடுத்தார்கள், கடன் இறங்கியது 30,000. திட்டம் மோசம் என்று சொல்லவரவில்லை. “75,000 தள்ளுபடி” என்று கேட்டதும் மனதில் 1,25,000 பாக்கி என்று ஒரு கணக்கு ஓடும் பாருங்கள், அது நடக்காது.

மாநிலத் திட்டத்துக்கு இங்கேதான் பலம். மானியமில்லாத மத்தியக் கடனுக்குப் படிக்கும்போதே வட்டி ஏறும். வருடத்துக்கு 20,000 வீதம் நாலு வருடம் அதே வட்டியில் வாங்கியிருந்தால் பட்டம் வாங்கும் நாளில் அது சுமார் 95,900 ஆகியிருக்கும். ஆக, முன்னால் வருகிற 80,000 பின்னால் வருகிற 80,000-ஐ விடக் கனமானது. கடைசி வரை இருந்தால்!

ஓவர்லாண்ட்பார்க்_அப்பா

இப்படி யாரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை, நன்றி. 2026 ஜூலைக்கு அப்புறம் கடன் விதிகள் மாறுகின்றன என்கிறார்களே, அது இவளைப் பாதிக்குமா?

கணக்குப்பிள்ளை

பாதிக்கும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்தியக் கடன் கிடையாது. வெட் படிப்பு தொழிற்படிப்பு வரிசையில் வருவதால் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் என்று உச்சவரம்பு. இதுவரை கல்லூரி சொன்ன செலவு முழுவதையும் அரசிடமே வாங்கலாம். இனி துண்டு விழுவதற்குத் தனியார் வங்கிக்குப் போகணும். தனியார் கடனுக்கு வருமானத்தைப் பார்த்துத் தவணை, பொதுச்சேவைத் தள்ளுபடி எதுவும் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், படிக்கும்போதே கைக்கு வருகிற மாநிலப் பணத்தின் மதிப்பு இனிமேல் கூடும், குறையாது.

முத்திரை_டாக்டர்

எல்லோரும் மாட்டுக்குப் பின்னால் ஓடுகிறீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவில் பொதுச் சுகாதாரக் கால்நடை மருத்துவர். இறைச்சிக்கூடத்தில் நிற்கிற வேலை. கூடம் இருப்பது சின்ன ஊர்தான். அரசு வேலை என்பதால் 2007 சட்டத்தின் பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி எனக்குப் பொருந்தும். தகுதியான 120 மாதத் தவணை கட்டினால் மிச்சம் முழுவதும் போய்விடும். 75,000, 80,000 என்று உச்சவரம்பு ஒன்றும் இல்லை. அதற்கு மத்திய வருமான வரியும் இல்லை.

வருமானத்தைப் பார்த்துத் தவணை போடுகிற ராப் என்ற புதிய திட்டத்தில் 90,000-லிருந்து 1,00,000 டாலர் வரை வருமானம் உள்ளவர் வருமானத்தில் 9 சதவீதம் கட்டணும். 95,000 என்றால் வருடத்துக்கு 8,550, மாதம் 712 சொச்சம். கட்டியது போக மிச்ச வட்டியைத் தள்ளிவிடுகிறார்கள், அதனால் கடன் ஊதாது. பத்து வருடம் சம்பளம் ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் கட்டியது 85,500. ஏறினால் இன்னும் கொஞ்சம். 2 லட்சத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. கணக்குப்பிள்ளை சரிபார்க்கவும்.

தனியார் க்ளினிக்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது கிடையாது. எவ்வளவு பாடுபட்டு ஊருக்கு உழைத்தாலும் சரி, முதலாளி அரசாகவோ லாபநோக்கற்ற அமைப்பாகவோ இருக்கணும்.

கணக்குப்பிள்ளை

கணக்கு சரிதான். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். “வட்டி குறைவு” என்று யாராவது ஆசை காட்டி மத்தியக் கடனைத் தனியார் கடனாக மாற்றிவிட்டால் இந்தக் கதவு அன்றோடு அடைபட்டது, திரும்பத் திறக்காது. அப்புறம், வெறும் வருமானவழித் தவணையில் 20, 25, 30 வருடம் கழித்து வருகிற தள்ளுபடிக்கு 2026 முதல் மறுபடி வரி உண்டு. பொதுச்சேவைத் தள்ளுபடிக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

மாட்டுவைத்தியர்

முத்திரை டாக்டர் சொல்வதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் “மாடு பிடிக்கும்” என்கிறாள். கூடத்தில் பிடிக்கிற மாதிரி இல்லை என்று நினைக்கிறேன்.

முத்திரை_டாக்டர்

ஹா ஹா. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் நடுராத்திரியில் எழுந்து ஓடுவதில்லை. மாநில நோயறி ஆய்வகம், பல்கலைக்கழகம் என்று அரசுப் பக்கத்தில் வேறு இடங்களும் இருக்கின்றன.

நாமக்கல்காரன்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நாமக்கல்லில் பி.வி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே வந்து, வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்களுக்கான ஈசிஎஃப்விஜி தேர்வுகள் வழியாகத் தகுதிச் சான்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கிராமத்தில் வேலை பார்க்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, பிறந்ததே மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில்தான். இந்தக் கடனடைப்பு எனக்குக் கிடைக்குமா? ஊரில் வாங்கிய வங்கிக் கடன் இன்னும் இருக்கிறது.

மாட்டுவைத்தியர்

கிடைக்காது தம்பி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் அங்கீகரித்த கல்லூரியில் பட்டம் வாங்கியிருக்கணும், அதோடு குடியுரிமையோ கிரீன் கார்டோ வேணும். ஈசிஎஃப்விஜி முடித்தால் உரிமம் வாங்க வழி உண்டு, ஆனால் கல்லூரிப் பட்டம் மாறாதே. இதில் எனக்கே கடுப்பு உண்டு. கிராமத்துக்குப் போகத் தயாராக இருக்கிற, மாட்டோடு வளர்ந்த ஆளுக்கு வழி இல்லை. புறநகரில் வளர்ந்த பிள்ளைகளைப் பணத்தைக் காட்டி இழுத்துக்கொண்டிருக்கிறோம். சார், உங்கள் மகளைச் சொல்லவில்லை.

வேலை கொடுக்கிற க்ளினிக்கிடம் நேரடியாகப் பேசிப் பாருங்கள். ஆள் கிடைக்காத ஊரில் விசா செலவு, தேர்வுச் செலவு என்று அவர்களே ஏற்றுக்கொள்வது உண்டு.

வரிகட்டுபவன்

எனக்கு ஒன்று புரியவில்லை. நானும் கடன் வாங்கித்தான் படித்தேன், நானேதான் கட்டினேன். நாலு வருடம் படித்தால் ஆறு இலக்கச் சம்பளம் வாங்கக்கூடிய ஒரு தொழிலுக்கு என் வரிப்பணம் ஏன்? மருத்துவர் வேணும் என்றால் பண்ணைக்காரர்கள் அதற்குரிய ஃபீஸைக் கொடுக்கட்டும். கொடுக்கமாட்டேன் என்றால் அவர்களுக்கு அவ்வளவு தேவை இல்லை என்றுதானே அர்த்தம்?

மாட்டுவைத்தியர்

நியாயமான கேள்விதான், பாதிக்கு பதில் சொல்கிறேன்.

போன பனிக்காலத்தில் ராத்திரி ஒரு அழைப்பு. முதல் ஈற்றுக் கிடேரி, கன்று பெரியது, பின்னங்கால் முன்னால் வருகிறது. தோள்வரை கையுறை போட்டு உள்ளே விட்டுப் பார்த்தால் இழுத்து எடுக்க வழியில்லை. நிற்கவைத்தே இடது விலாவில் மரத்துப்போகும் ஊசி வரிசையாகப் போட்டு, மயிரை மழித்து, கீறி, கருப்பையை வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்ளப் பண்ணைக்காரரையே நிற்கவைத்து, கன்றை எடுத்தோம். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. பில் எழுதும்போதுதான் சங்கடம். நாய்க்கு இதே அறுவையை நகரத்தில் செய்தால் வாங்குகிற தொகையை இங்கே வாங்க முடியாது. கன்று சந்தையில் என்ன விலைக்குப் போகுமோ அதுதான் என் ஃபீஸுக்குக் கூரை. அதைத் தாண்டினால் அடுத்த முறை அவர் என்னைக் கூப்பிடாமல் தானே சங்கிலி போட்டு இழுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கணக்கு அவருக்கு.

நாய் வைத்திருப்பவருக்கு நாய் பிள்ளை மாதிரி. மாடு வைத்திருப்பவருக்கு மாடு பிழைப்பு. புதிதாகப் பட்டம் வாங்குகிறவர்கள் எங்கே போவார்கள்? நாற்பது வருடத்துக்கு முன்னால் பத்தில் நாலு பேர் பண்ணைக் கால்நடைப் பக்கம் வந்தார்கள் என்பார்கள். இப்போது நூற்றுக்கு மூன்று நாலு பேர். 2025-ல் வேளாண் துறை அறிவித்த பற்றாக்குறைப் பகுதிகள் 46 மாநிலங்களில் 243.

மீதிப் பாதி, உங்கள் வரிப்பணத்துக்கு உங்களுக்கு என்ன லாபம் என்பது. 2024 தொடக்கத்தில் டெக்சஸ் பான்ஹாண்டில் பகுதியில் பால் மாடுகள் திடீரென்று தீனி எடுக்காமல் நின்றன, பால் கெட்டியாக மஞ்சளாக வந்தது. என்ன நோய் என்றே தெரியவில்லை. அங்கே பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டிருந்த கால்நடை மருத்துவர் பாலை எடுத்து ஐயோவா ஸ்டேட் ஆய்வகத்துக்கு அனுப்பியதால்தான் அது எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று மார்ச்சில் தெரிந்தது. மாட்டுக்கு அது வரும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பகுதியில் அப்படி ஒருவர் இல்லாமல் இருந்திருந்தால்? அந்த வேலைக்கு எந்தப் பண்ணைக்காரரும் தனியாக ஃபீஸ் கொடுக்கமாட்டார். நீங்களும் நானும்தான் கொடுக்கணும்.

வரிகட்டுபவன்

பறவைக் காய்ச்சல் வாதத்தை ஏற்கிறேன். அப்படியென்றால் அதற்கு நேராகவே சம்பளம் கொடுங்கள். படிப்புக் கடன் வழியாக ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? கடன் இல்லாதவர் கிராமத்துக்குப் போனால் அவருக்கு ஒன்றும் இல்லையே.

மாட்டுவைத்தியர்

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

வரிகட்டுபவனுக்கு இன்னொரு தீனி. மத்தியத் திட்டத்தில் அடைக்கப்படும் தொகையை வருமானமாகக் கருதி வரி போடுகிறார்கள். அந்த வரியை மருத்துவர் தலையில் கட்டாமல் நிஃபாவே தன் பட்ஜெட்டிலிருந்து வருமான வரித் துறைக்குக் கட்டிக்கொண்டு வந்தது, 39 சதவீதம் என்ற கணக்கில். அதாவது 75,000 அடைக்க இன்னொரு 29,250 வரிக்கு. ஒரு அரசுப் பையிலிருந்து இன்னொரு அரசுப் பைக்கு! அந்த வரி இல்லையென்றால் அதே பணத்தில் 100 பேருக்குப் பதில் 139 பேருக்குக் கொடுக்கலாம். மனித மருத்துவர்களுக்கான தேசியச் சுகாதாரச் சேவைப் படையின் கடனடைப்புக்கு இந்த வரி கிடையாது. கால்நடைக்கும் நீக்கச் சொல்லி மசோதா திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள், பெயரைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் கையெழுத்துப் போடுவார்கள், நாடாளுமன்ற அவையின் காலம் முடியும், அதோடு மசோதாவும் முடியும்.

பழைய_பண்ணை_டாக்டர்

நாள் கழித்து வருகிறேன். ஓவர்லாண்ட்பார்க் அண்ணா, உங்கள் மனைவி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை, பணத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் மேற்குக் கன்சாஸில் இருந்தேன். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கிளம்பிவிட்டேன். பணம் குறைவு என்பதால் இல்லை. க்ளினிக்கில் நாங்கள் இரண்டே மருத்துவர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி அழைப்பு என்னுடையது. கன்று ஈனும் மாதங்களில் தூக்கம் என்பதே இல்லை. மூத்தவருக்கு முதுகு போனது, அப்புறம் எல்லா ராத்திரியும் எனக்குத்தான். இதற்கு நடுவில் நான் முழுகாமல் இருந்தேன். மாட்டை எக்ஸ்ரே எடுக்கும்போது நான் தள்ளி நிற்கணும், சில ஹார்மோன் மருந்துகளைக் கையால் தொடவே கூடாது. எனக்குப் பதிலாகத் தொட ஆள் வேணுமே? வீட்டுக்காரருக்கு ஐ.டி. வேலை, அங்கே அப்போது இருந்த இன்டர்நெட்டில் ஒரு மீட்டிங்கூட ஒழுங்காக நடக்காது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம் பக்கத்துக் கவுண்டியில்.

ஊர் ஜனங்கள் தங்கம். அதையும் சொல்லணும். நான் சைவம் என்று தெரியாமல் ஒருவர் பாதி மாட்டையே வெட்டிப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரோடு கொண்டுவந்து வாசலில் இறக்கினார். தெரிந்த பிறகு அடுத்த வருடம் சோளம் வந்தது, அதுவும் லாரியில்.

இன்னொன்று, யாரும் வெளியே பேசாதது. வேலைக்குச் சம்பளம் பேசும்போது முதலாளி, “உன் கடனைத்தான் அரசு அடைக்கிறதே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சம்பளம் அந்தச் சிரிப்புக்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது. ஒப்பந்தத்தில் இருக்கிற ஆள் சுலபமாக வேலையை விடமுடியாது என்பது அவருக்கும் தெரியும். தள்ளுபடிப் பணத்தில் ஒரு பங்கு எனக்கு வரவே இல்லை, அவருக்குப் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை

மேடம் சொல்வது முக்கியம். நகரத்து க்ளினிக்குக்கும் கிராமத்து க்ளினிக்குக்கும் சம்பள வித்தியாசம் வருடத்துக்கு 20,000 என்று வைத்துக்கொண்டால் நாலு வருடத்தில் 80,000. தள்ளுபடியும் அதுவும் நேருக்கு நேர் கழிந்துவிடும். ஆகவே கடன் ஒப்பந்தத்தைப் படிக்கிற கவனத்தோடு வேலை ஒப்பந்தத்தையும் படிக்கணும்.

மாட்டுவைத்தியர்

பழைய பண்ணை டாக்டர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் தங்கியதற்குக் காரணம் கடனடைப்பு இல்லை, எங்கள் க்ளினிக்கில் ஐந்து பேர் இருக்கிறோம் என்பதுதான். ஐந்து நாளில் ஒரு ராத்திரி எழுந்திருக்க யாருக்கும் முடியும். தள்ளுபடிப் பணம் ஒருவரை மூன்று நாலு வருடம் ஒரு ஊரில் நிறுத்தும். ஐந்தாவது வருடமும் நிற்க இன்னொரு மருத்துவர் பக்கத்தில் வேணும். ஆனால் திட்டங்கள் பெரும்பாலும் தனி ஆளுக்குத்தான் பணம் கொடுக்கின்றன. க்ளினிக்குக்கே கொடுக்கிற மத்திய மானியம் ஒன்று தனியாக இருக்கிறது. கருவி வாங்க, ஆள் சேர்க்க 1,25,000 டாலர் வரை. அது கிடைத்த க்ளினிக்கா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

டெக்_தோழி

வெட் டெக்னீஷியன்களுக்கு இதில் ஏதாவது உண்டா? கிராமத்து க்ளினிக்கில் ராத்திரி டாக்டரோடு நானும்தான் எழுந்து போகிறேன். சம்பளம் அவர்களில் பாதிகூட இல்லை, கடன் இருக்கிறது.

முத்திரை_டாக்டர்

நாங்கள் பேசிக்கொண்டிருக்கிற மத்தியத் திட்டம் மருத்துவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் அரசு ஆய்வகத்திலோ பல்கலைக்கழக மருத்துவமனையிலோ லாபநோக்கற்ற காப்பகத்திலோ வேலை பார்த்தால் பொதுச்சேவைத் தள்ளுபடி உங்களுக்கும் உண்டு. அது பட்டத்தைப் பார்ப்பதில்லை, முதலாளி யார் என்பதைத்தான் பார்க்கும். தனியார் க்ளினிக் என்றால், வருத்தம்தான்.

டெக்_தோழி

எதிர்பார்த்த பதில்தான். நன்றி டாக்டர்.

ஓவர்லாண்ட்பார்க்_அப்பா

எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து மகளிடமும் மனைவியிடமும் கொடுத்தேன். மனைவி பழைய பண்ணை டாக்டரின் பதிவை இரண்டு முறை படித்துவிட்டு, “இந்தப் பொண்ணு பேசுறதுதான் பேச்சு” என்றாள். மகள் கொஞ்சம் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ அந்த நிற்கவைத்துச் செய்யும் சிசேரியனைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மரத்துப்போகும் ஊசி எந்த நரம்பில் போடுவார்கள், மாடு படுத்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று. எனக்கு என்ன தெரியும்?

இப்போதைக்கு இப்படி முடிவு. கையெழுத்துக்கு முன்னால் இரண்டு மூன்று கிராமத்து க்ளினிக்குகளில் போய் நின்று பார்க்கட்டும். விண்ணப்பக் கெடுவுக்குள் மனசு ஒத்துவந்தால் மாநிலத் திட்டம். இல்லையென்றால் கடனோடு படிக்கட்டும், முடிக்கும்போது மத்தியத் திட்டத்தையோ அரசு வேலையையோ பார்த்துக்கொள்ளலாம். போகிற இடங்களில் என்ன கேட்கணும் என்று சொன்னால் எழுதிக் கொடுத்து அனுப்புவேன்.

மாட்டுவைத்தியர்

இரவு அழைப்பு எத்தனை பேருக்குள் சுழல்கிறது? போன ஐந்து வருடத்தில் எத்தனை இளம் மருத்துவர்கள் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், போனவர்களின் போன் நம்பர் கொடுப்பார்களா? கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில். மாட்டை க்ளினிக்குக்கே ஏற்றிவந்து பார்க்கிற வசதி, அதாவது ஒழுங்கான தலைப்பூட்டுக் கூண்டும் வெளிச்சமும் இருக்கிறதா, இல்லை எல்லாவற்றுக்கும் இருட்டில் பண்ணைக்கு ஓடணுமா? உரிமையாளர் ஓய்வு பெறும்போது க்ளினிக்கை யாருக்கு விற்பார்?

பழைய_பண்ணை_டாக்டர்

பிரசவ விடுப்பு ஒப்பந்தக் காலத்தில் எப்படிக் கணக்காகும் என்பதையும் சேர்க்கணும். வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில். க்ளினிக் மூடிவிட்டாலோ அவளை வேலையை விட்டு நிறுத்தினாலோ வேறு இடம் தேட எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதே தாளில் இருக்கணும். வேலை ஒப்பந்தத்தில் “விலகினால் இத்தனை மைலுக்குள் தொழில் செய்யக்கூடாது” என்று போட்டிருந்தால் உஷார். கவுண்டியே அந்த மைலுக்குள் அடங்கிவிடும், பக்கத்து க்ளினிக்குக்கு மாறிக் கடனைக் கழிக்கக்கூட வழி இருக்காது.

ஓவர்லாண்ட்பார்க்_அப்பா

எழுதிக்கொண்டேன் அம்மா. அந்த மைல் விஷயம் என் மூளைக்கு எட்டியே இருக்காது.

மாட்டுவைத்தியர்

எங்கள் க்ளினிக்குக்கும் ஒரு வாரம் அனுப்பலாம் சார், மாநிலம் வேறு என்றாலும் மாடு அதே மாடுதான். தனிச்செய்தி அனுப்புங்கள். வசந்த காலத்தில் வந்தால் கன்று ஈனும் சமயம், நரம்பு கேட்டாளே, நேரிலேயே காட்டுகிறேன். ரப்பர் பூட்ஸ் முழங்கால் வரை உள்ளதாக வாங்கிக் கொடுங்கள், கணுக்கால் பூட்ஸ் ஒரு நாள்கூடத் தாங்காது.